கல் இல்லாத ஊரின் பெயர்க்கற்கள்

கொல்கத்தாவின் தென்மேற்கு விளிம்பில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் நீண்டு கிடக்கிறது பெஹாலா. மாநகராட்சி எல்லைக்குள் அது வந்தது 1984இல்தான். 2022 டிசம்பர் இறுதியில் ஜோகாவிலிருந்து தாராதலா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, அந்தப் பாதையின் ஆறு நிலையங்களும் இந்தச் சாலையை ஒட்டியே அமைந்தன. அவற்றில் சகேர் பஜார் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பரிஷா என்னும் பழைய குடியிருப்பு. சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் பூர்வீக வீடுகள், கோயில்கள், ‘ஆட்சாலா’ எனப்படும் மண்டபம் எல்லாம் அங்கேதான். 1610 முதல் அந்த இடத்தில் துர்கா பூஜை நடந்து வருவதாகக் குடும்ப மரபு சொல்கிறது.

1698 நவம்பர் 10ஆம் தேதி, சுதானுட்டி, கோபிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் வரி வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் குடும்பத்தாரிடமிருந்து 1,300 ரூபாய்க்கு வாங்கியது. பத்திரம் பாரசீக மொழியில் எழுதப்பட்டது. ஔரங்கசீப்பின் பேரனும் வங்காளத்தின் சுபேதாருமான அசீம்-உஷ்-ஷானிடம் 16,000 ரூபாய் கொடுத்து அதற்கு முன்பே அனுமதி பெற்றிருந்தார்கள். பத்திரம் கையெழுத்தானது பரிஷாவின் ஆட்சாலாவில் என்று குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. பழைய மண்டபத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

இப்படிப்பட்ட ஒரு வீட்டின் சுவரில் என்ன எழுதி வைக்கலாம்? எதில் எழுதி வைக்கலாம்? ‘இன்னார் இங்கே வாழ்ந்தார்’, ‘இன்னது இங்கே நடந்தது’ என்று சொல்லும் பலகையை நாம் நின்று ஒரு நிமிடம் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பலகை நிலைக்க இரண்டு உறுதிகள் வேண்டும். அது செய்யப்பட்ட பொருள் மழையையும் வெயிலையும் தாங்க வேண்டும். அதில் எழுதிய வாக்கியம் விசாரணையைத் தாங்க வேண்டும். கொல்கத்தாவில் இந்த இரண்டின் கதையும் பெஹாலாவில் தொடங்கி, நம்முடைய பல்லாவரம் வரை வந்துவிடுகிறது.

வீட்டுச் சுவரில் பலகை பதிக்கும் ஏற்பாட்டை ஒரு முறையான திட்டமாக ஆக்கியது லண்டன். 1863இல் வில்லியம் ஈவார்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் யோசனை சொன்னார். 1866இல் கலைகள் சங்கம் அதை ஏற்றது. மறு ஆண்டே கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பலகை ஏறியது. அந்த வீட்டை 1889இல் இடித்துவிட்டார்கள். பலகை மரியாதை தரும், பாதுகாப்புத் தராது என்பது அன்றே தெரிந்துபோயிற்று. இன்று உலகம் அறிந்த நீல வட்ட வடிவம் 1938இல் ஒரு கலைக் கல்லூரி மாணவர் வரைந்தது. கூலி நான்கு கினி. ஆயிரம் பெயர்களை ஊருக்கு நினைவூட்டும் அந்த வடிவத்தைத் தந்தவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை என்பது என் மனத்தைக் கனக்கச் செய்யும் செய்தி.

அந்த நீல வட்டம் பீங்கான் வகையைச் சேர்ந்தது. களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, எழுத்துகளின் விளிம்பைக் கையால் புடைப்பாக இட்டு, மேலே நிறமேற்றிய கண்ணாடிப் பூச்சைக் கொடுத்துச் சூளையில் சுடுகிறார்கள். சூட்டில் பூச்சு உருகி, களிமண்ணோடு ஒட்டிய கண்ணாடிப் படலமாக இறுகுகிறது. நீர் உள்ளே இறங்க வழியில்லை. முகப்பு லேசாகக் குவிந்திருப்பதால் விழும் மழையே தூசியைக் கழுவிக்கொண்டு போய்விடும். எழுத்தைக் காப்பது வேதியியலும் வடிவமும் சேர்ந்துதான். ராம்மோகன் ராய் தங்கிய பெட்போர்டு சதுக்கத்து வீட்டிலும், 1912இல் தாகூர் தங்கிய ஹாம்ப்ஸ்டெட் வீட்டிலும் லண்டன் பலகை வைத்திருக்கிறது. கொல்கத்தாவின் பாரம்பரியக் கட்டடங்களிலும் அண்மைக் காலத்தில் நீலப் பலகைகள் ஏறத் தொடங்கியிருக்கின்றன.

பீங்கானை விட்டுக் கல்லில் பொறிக்க நினைத்தால், கொல்கத்தாவில் உள்ளூர்க் கல் கிடைக்காது. கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் நிற்கும் ஊர் அது. 1830களின் பிற்பகுதியில் வில்லியம் கோட்டைக்குள் நன்னீர் தேடி ஆழ்துளை போட்டார்கள். 481 அடி இறங்கியும் அடிப்பாறை தட்டவில்லை. களிமண், மணல், அழுகிய தாவரம் இறுகிய கரிமண் என்று அடுக்கடுக்காக வந்தது. சியால்டா பக்கம் குளம் வெட்டியபோது சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் நின்ற நிலையில் கிடைத்தன. நகரத்தின் தரையாக இருப்பது ஒரு காலத்தில் சுந்தரவனம் போன்ற சதுப்புக்காடு என்பதற்கு அவை சாட்சி. பெஹாலாவின் மண்ணும் இந்த வண்டல்தான். அதனால் வங்காளத்தார் செங்கல்லிலும் சுட்ட மண்ணிலும் கோயில் கட்டினார்கள். விக்டோரியா நினைவகத்தின் பளிங்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து போனது. கொல்கத்தாவில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பெயர்க்கல்லும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியது.

அப்படிக் குடியேறிய கற்களில் மிகப் பழைய ஒன்று செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கம்பெனியின் வங்காள முகவராக இருந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல். எண்கோண வடிவ மண்டபத்தைச் சுமார் 1695இல் எழுப்பியவர் அவருடைய மருமகன் சார்லஸ் அயர். மூன்று கிராமங்களின் உரிமை கைமாறிய 1698இல் கம்பெனியின் முகவராக இருந்தவரும் இதே அயர்தான். பரிஷாவின் பத்திரத்தையும் இந்தக் கல்லையும் ஒரே மனிதர் இணைக்கிறார். சார்னாக் இறந்த தேதியாகக் கல் சொல்வது 1692 ஜனவரி 10. அன்றைய ஆங்கிலேயக் கணக்கில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. அதனால் நம் கணக்கில் அது 1693. கல்லில் இருக்கும் எண்ணைக்கூட அந்தக் காலத்தின் காலண்டரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

சார்னாக் இந்தப் பளிங்கின் அடியில் உறங்குவதாக அதில் செதுக்கிய லத்தீன் வாசகம் சொல்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற இளைஞர் அந்தக் கல்லைப் புவியியலாளரின் கண்ணோடு பார்த்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அது பளிங்கு அல்ல என்று கண்டவர், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் தாம் பார்த்திருந்த பாறைதான் இது என்று அடையாளம் சொன்னார். 1893இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. பாறைக்கு அவர் வைத்த பெயர் சார்னோகைட். 1900இல் இன்னும் விரிவான ஆய்வை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பாறையியல் படிக்கும் மாணவர்கள் இன்று சொல்லும் அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து எடுத்தது. பாறை நம் ஊர்க் குன்றிலிருந்து எடுத்தது.

ஒரு கல்லைப் பார்த்து அதன் சொந்த ஊரைச் சொல்வது எப்படி? பாறையிலிருந்து ஒரு சில்லை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். அந்த மெலிவில் கருங்கல்லும் ஒளியை உள்ளே விடும். முனைவாக்கிய ஒளி பாயும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் திருப்பினால் ஒவ்வொரு கனிமமும் தன் நிறத்தையும் பிளவுக் கோடுகளையும் காட்டும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் இரண்டும் எந்தக் கிரானைட்டிலும் இருப்பவை. அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருந்தது. திருப்பத் திருப்ப இளஞ்சிவப்புக்கும் வெளிர்பச்சைக்கும் நிறம் மாறுவது அதன் குணம். சாதாரணக் கிரானைட்டில் அது கிடையாது. அங்கே கருப்பு மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ இருக்கும்.

மைக்காவின் படிக அமைப்புக்குள் நீரின் கூறுகள் கட்டுண்டு இருக்கின்றன. பூமியின் மேலோட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறை இறங்கி, வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மைக்காவால் அந்த நீரைப் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை. அது சிதைந்து நீரை விடுகிறது. எஞ்சிய இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவோடு சேர்ந்து ஹைப்பர்ஸ்தீனாகின்றன. ஆகவே கிரானைட் போன்ற ஒரு பாறையில் இந்தக் கனிமம் இருந்தால், அது மிக ஆழத்தில், மிகுந்த சூட்டில், ஏறக்குறைய நீர் வற்றிய நிலையில் இறுகியது என்று அர்த்தம். அதன் உடைத்த முகப்பு எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சையாக மின்னும். பல்லாவரத்துப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அவ்வளவு ஆழத்தில் உருவான பாறை இன்று ரயில் ஜன்னலிலிருந்து தெரியும் குன்றாக நிற்கிறது என்றால், அதன் தலைக்கு மேலே இருந்த இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான பாறையை மழையும் காற்றும் ஆறும் அரித்துக் கொண்டுபோயிருக்கின்றன. தாம்பரம் ரயிலில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் அண்டார்க்டிகாவிலும் இந்தப் பாறை இருக்கிறது; இந்த நிலங்கள் ஒட்டிக் கிடந்த காலத்தின் எச்சம். பரங்கிமலைப் பாறையைப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

பல்லாவரத்துக்கு வேறு பெருமைகளும் உண்டு. மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு குடைவரை வெட்டி, தன் பட்டப்பெயர்களைப் பாறையில் பொறித்து வைத்தான். 1863 மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் அங்கேதான். அந்த ஊர் ஒரு நல்ல அருங்காட்சியகத்துக்குத் தகுதியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெயருக்குக் கல் தேடுவதில் தமிழருக்கு நீண்ட பழக்கம் உண்டு. நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பொருத்தமான கல்லைத் தேடிக் கண்டுகொள்வதே முதற்படி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாண்டியும் படிக்கும்படி நின்றன. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனின் பெயரும் ஊரும் அவற்றில் ஒன்றில் இருக்கின்றன. எழுதியது கொஞ்சம். எழுதியவை எல்லாம் எழுதியவருக்குத் தெரிந்தவை.

சார்னாக்கின் கல்லும் அந்த வகையில் அடக்கமானதுதான். வங்காளத்தில் ஆங்கிலேயரின் முகவராக இருந்தவர், தன்னுடையதல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்தவர், இன்ன நாளில் இறந்தவர் என்கிறது. கீழே மகள் மரியாவின் மரணமும் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவர் நகரத்தை நிறுவினார் என்று கல் சொல்லவில்லை. அதைப் பிறகு வந்தவர்கள் சேர்த்தார்கள். 1690 ஆகஸ்ட் 24இல் அவர் சுதானுட்டியில் கரையிறங்கிய நாளே கொல்கத்தாவின் பிறந்தநாள் என்று பாடப்புத்தகம் எழுதியது. 1990இல் நகரம் முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடியது. அக்பர் காலத்து ஆயின்-இ-அக்பரியின் வரிப்பட்டியலிலேயே கலிகாதாவின் பெயர் இருக்கிறது என்பதை அந்தக் கொண்டாட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் பெஹாலாக்காரர்கள். சபர்ண ராய் சௌத்ரி குடும்ப அமைப்பு 2001இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. நீதிமன்றம் வரலாற்றாசிரியர் நிமாய் சாதன் போஸ் தலைமையில் ஐவர் குழுவின் கருத்தைக் கேட்டது. 2003 மே 16இல் தீர்ப்பு வந்தது: சார்னாக் இந்நகரின் நிறுவனர் அல்லர்; ஆகஸ்ட் 24 இதன் பிறந்தநாளும் அன்று; இந்த ஊருக்குப் பிறந்தநாள் என்று ஒன்றே இல்லை. தங்கள் முன்னோரை நிறுவனராக்கும்படி குடும்பம் ஒரு தீர்ப்பு வாங்கி வரவில்லை. யாருமே நிறுவனர் அல்லர் என்பதை ஊர் ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்தத் தீர்ப்பின் மீது பெரிய மதிப்பு உண்டு.

நல்ல பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, பெஹாலாவிலிருந்து நகர மையத்துக்குப் போகும் வழியிலேயே ஒன்று இருக்கிறது. எஸ்.எஸ்.கே.எம். என்று இன்று அழைக்கப்படும் பழைய பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனையின் சுற்றுச்சுவரில் உள்ள ரொனால்ட் ராஸ் நினைவு வாயில். 1927 ஜனவரியில் ராஸே வந்திருந்து திறந்துவைத்தார். இந்த வாயிலிலிருந்து தென்கிழக்கே எழுபது கஜத்தில் இருந்த சிறு ஆய்வுக்கூடத்தில் 1898இல் கொசு மலேரியாவைக் கடத்தும் விதம் கண்டறியப்பட்டது என்று அது திசையையும் தூரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நாடா பிடித்து அளந்து பார்க்கலாம். ராஸ் அந்த ஆய்வைச் செய்தது பறவைகளின் மலேரியாவில். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடியோடு குருவிக்குள் போவதை அங்கே நிறுவினார். முகமது பக்ஷ் போன்ற உதவியாளர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. பலகை அந்த விவரங்களுக்குள் போகவில்லை.

இடம் நழுவிய பலகைக்கு நம் ராமனே உதாரணம். சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28இல் ஒளிச்சிதறலைக் கண்டது பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில். கழகம் பின்னர் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்தது. தெருவின் பெயரும் பிபின் பிஹாரி கங்குலி தெரு ஆயிற்று. அமெரிக்க வேதியியல் சங்கம் 1998இலும், ஐ.இ.இ.இ. அமைப்பு 2012இலும் அளித்த நினைவுப் பட்டயங்கள் கழகத்தின் புதிய வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவை நிறுவனத்துக்குச் சேர வேண்டியவை, அதில் தவறில்லை. ஆனால் திருச்சியில் பிறந்து, கணக்குத் துறை வேலைக்குக் கொல்கத்தா போய், அலுவலகம் முடிந்த மாலைகளில் ஒருவர் கதவைத் தட்டிய இடம் பௌபஜார். அந்த முகவரியைத் தேடி ஒரு தமிழ் மாணவர் போனால், அவர் எழுபது கஜம், தென்கிழக்கு என்பது போன்ற ஒரு வரியைப் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பெஹாலாவுக்குள்ளேயே இன்னொரு வகை இருக்கிறது. டயமண்ட் ஹார்பர் சாலைக்கு இணையாக ஓடும் ஜேம்ஸ் லாங் சரணி. தாகுர்புகூரில் பள்ளி நடத்திய பாதிரியார் ஜேம்ஸ் லாங், அவுரி விவசாயிகளின் துயரத்தைச் சொன்ன ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா கட்டினார். சாலைக்கு அவர் பெயர் வைத்தது நல்ல காரியம். ஆனால் பல கிலோமீட்டர் நீளச் சாலை, அவர் எந்த இடத்தில் நின்றார் என்பதைச் சொல்லாது.

ஆட்சாலாவின் தூண் ஒன்றில் ஒரு கல்லைப் பதிப்பதாக வைத்துக்கொள்வோம். பளிங்கு வேண்டாம். பளிங்கு முழுக்கக் கால்சியம் கார்பனேட். மழைநீரில் கரைந்திருக்கும் மெல்லிய அமிலமே அதைக் கரைக்கும். வண்டிப்புகையும் கரிப்புகையும் தரும் கந்தக ஆக்சைடுகள் அதன் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றி உதிரவைக்கும். முதலில் போவது எழுத்தின் கூர்மை. பித்தளை பச்சை பூக்கும். மாதந்தோறும் துலக்கினால் துலக்கத் துலக்க எழுத்தும் தேயும். சிலிக்கேட் கனிமங்களால் ஆன, துளைகள் குறைந்த சார்னோகைட் போன்ற கல் இரண்டையும்விட மெதுவாகத் தேயும்.

பதிக்கும் முறையும் முக்கியம். பெஹாலா தாழ்ந்த நிலம், நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஈரம் ஏறும். ஏறிய நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, சுவர் பூத்துப் பொரியும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசிக் கல்லை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கும். இரும்பு ஆணி அடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டு விரிந்து கல்லைப் பிளக்கும். ஆகவே சுண்ணாம்புக் காரை, துருப்பிடிக்காத எஃகு முளைகள், கல்லுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட ஒரு விரல் இடைவெளி.

வாசகத்தை இரண்டு வரியாகப் பிரிக்க வேண்டும். முதல் வரியில் 1698 நவம்பர் 10, மூன்று கிராமங்கள், 1,300 ரூபாய்: இதற்கு ஆதாரம் பத்திரம். இரண்டாவது வரியில், அது இந்த மண்டபத்தில் கையெழுத்தானது என்பது: இதற்கு ஆதாரம் குடும்ப மரபு, அதை மரபு என்றே எழுதலாம். வங்காளத்தில் ஒன்று, பாரசீகத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என மூன்று மொழிகளில் செதுக்கினால் பத்திரத்தின் மொழிக்கும் இடம் கிடைக்கும். கீழே ஒரு சாண் அளவு வெறுமையாக விட வேண்டும். மரியாவின் பெயர் தந்தையின் கல்லில் பின்னர் ஏறியது போல, நாளை ஏதாவது ஆவணக் காப்பகத்தில் புதிய சான்று கிடைத்தால் அதைச் செதுக்க அந்த இடம் வேண்டியிருக்கும்.